விழுந்த அன்று நன்றாக இருந்த போன் பத்து நாள் கழித்து ஏன் டெட் ஆகிறது?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். அக்காவின் ஆண்ட்ராய்டு போன் மாடிப்படியில் விழுந்தது. டெம்பர் கிளாஸ் மட்டும் உடைந்தது, போன் வழக்கம்போல ஓடியது. பத்து நாள் கழித்து தானாக ஆஃப் ஆகி ஆன் ஆக ஆரம்பித்தது. தெருமுனைக் கடையில் சூடு வைத்துக் கொடுத்தார்கள், நாலு நாள் ஓடியது, இப்போது முழு டெட். இன்னொரு கடையில் "போர்டு போயிருச்சு, வேற வாங்கிக்கோங்க" என்கிறார்கள். உள்ளே குழந்தையின் முதல் இரண்டு வருடப் படங்கள். பேக்கப் கிடையாது. சரி செய்ய முடியுமா, செய்வது கட்டுப்படியாகுமா?

படங்கள்தான் வேண்டும் என்றால் இன்னும் வழி இருக்கிறது. அதே போனை அக்கா திரும்பத் தினமும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். இரண்டும் வேறு வேறு வேலை. கடையில் போய் "சரி பண்ணிக் கொடுங்கண்ணே" என்று மொட்டையாகச் சொன்னால், அது அவர் காதில் "ஆன் ஆனால் போதும்" என்று விழுகிறது. அந்த நாலு நாள் கதை அங்கேதான் ஆரம்பம்.

மேலே படிக்கும் முன் மூன்று விஷயம். சார்ஜரில் மாட்டி மாட்டிப் பார்க்காதீர்கள். இன்னொரு முறை யாரையும் சூடு வைக்க விடாதீர்கள். முக்கியமாக, "சாஃப்ட்வேர் போட்டுப் பார்ப்போமா" என்று யாராவது கேட்டால் போனை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். விழுந்து கெட்ட செட்டுக்கு அது மருந்தே அல்ல. முழுசாக ஃப்ளாஷ் அடித்தால், அதாவது சாஃப்ட்வேரை அழித்துப் புதிதாக ஏற்றினால், படங்கள் போய்விடும், அதற்குப் பிறகு யார் வந்தாலும் எடுக்க முடியாது.

நான் மதுரையில் 16 வருடமாக போர்டு வேலை செய்கிறேன். விழுந்த செட்டுகளில் எனக்குப் பயம் தருவது கண்ணாடி தூள்தூளாக வருகிறவை அல்ல. ஒரு கீறல்கூட இல்லாமல், ஒரு மூலையில் மட்டும் லேசாக நசுங்கி வருகிறவைதான்.

சட்டைப் பை உயரம் ஏறக்குறைய 1.2 மீட்டர். அங்கிருந்து விழும் போன் தரையைத் தொடும்போது மணிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும், சைக்கிளைக் கொஞ்சம் விரட்டி மிதிக்கிற வேகம். அடி வேகத்தால் அல்ல, நிற்கிற விதத்தால். மெத்தையில் விழுந்தால் 10 சென்டிமீட்டர் அமுங்கி நிதானமாக நிற்கலாம். கிரானைட் படியில் 1 மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். கணக்குப் போட்டால் அப்படி நிற்கும்போது வரும் இழுப்பு புவியீர்ப்பைப் போல 1,200 மடங்கு. உள்ளே ஒரு கிராம் எடையுள்ள பாகம் அந்தக் கணத்தில் ஒரு கிலோவுக்கு மேல் கனத்து இழுக்கும். ரப்பர் கவர் ஒன்றும் மந்திரம் செய்வதில்லை. கூடுதலாக 2 மில்லிமீட்டர் அமுங்கிக் கொடுக்கிறது, அதனாலேயே இழுப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. அழகாக இருக்கிறதென்று கண்ணாடி போன்ற கெட்டிக் கவர் போடுகிறவர்களுக்கு இதை ஒரு வருத்தத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

அந்த அடியில் மதர்போர்டு ஸ்கேல் போல ஒரு நொடிக்குள் வளைந்து நிமிரும். போர்டு வளையும். மேலே உட்கார்ந்திருக்கும் ஐசி, அதாவது சிப், வளையாது. இரண்டையும் பிடித்துக்கொண்டிருப்பது ஐசியின் வயிற்றுக்கு அடியில் வரிசை வரிசையாக இருக்கும் ஈயப் பந்துகள். ஈயம் என்பது பழக்கத்தில் வரும் வார்த்தை, இப்போது அதில் காரீயம் கிடையாது. அது வேறு கதை, பிறகு வருகிறேன். ஒவ்வொரு பந்தும் கால் மில்லிமீட்டர் அளவுதான், பிராசசரின் அடியில் நூற்றுக்கணக்கில் இருக்கும். மொத்த இழுப்பையும் மூலைப் பந்துகள்தான் முதலில் வாங்குகின்றன. அவற்றில் ஒன்றிரண்டில் மயிரிழை விரிசல் விழும்.

விரிசல் விழுந்தாலும் இரண்டு முகமும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், கரண்ட் போகும். அதனால்தான் விழுந்த அன்று ஒன்றும் தெரிவதில்லை. பிறகு அக்கா வீடியோ கால் பேசுகிறார், போன் சூடாகிறது. இரவில் ஆறுகிறது. சார்ஜ் போடும்போது மறுபடி சூடு. ஐசி ஒரு அளவுக்கு விரிகிறது, போர்டு இன்னொரு அளவுக்கு விரிகிறது. விரிசல் தினமும் கொஞ்சம் நகர்கிறது, வெளிக்காற்று பட்டு உள்முகம் மங்குகிறது. பத்தாம் நாள் ஏதோ ஒரு கணத்தில் தொடர்பு விட்டுப்போகிறது, ரீஸ்டார்ட் ஆகிறது. "விழுந்து பத்து நாள் ஆச்சுண்ணே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்று எல்லாரும் சொல்வார்கள். சம்பந்தம் அதுதான்.

ஈயக் கதைக்கு வருகிறேன். அந்தப் பந்துகள் பற்றாசு, அதாவது சால்டர். பழைய பற்றாசில் 63 சதவீதம் வெள்ளீயம், 37 சதவீதம் காரீயம். 183 டிகிரியில் உருகும், கொஞ்சம் இளகிய சுபாவம். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குக் கடிவாளம் போட்டது, உலகத் தொழிற்சாலைகள் எல்லாம் பின்னால் போயின. இப்போது பெரும்பாலும் வெள்ளீயத்தோடு 3 சதவீதம் வெள்ளி, 0.5 சதவீதம் செம்பு. ஏறக்குறைய 217 டிகிரியில் உருகும். அசையாமல் இருக்கும் வரை உறுதி, திடீர் அடிக்கு விரிசல் விட்டுவிடும். காரீயம் குழந்தைகள் உடம்புக்கு ஆகாது, எடுத்தது சரிதான். ஆனால் எங்கள் மேசையில் குவியும் செட்டுகளுக்கு அதில் ஒரு பங்கு உண்டு.

இதற்கு ஊரறிந்த உதாரணம் ஐபோன் 6 பிளஸ். 2014இல் வந்தது. இரண்டு வருடத்துக்குள் உலகம் முழுக்க ஒரே புகார்: திரையின் மேல்பக்கம் சாம்பல் நிறத்தில் கோடு துடிக்கும், டச் வேலை செய்யாது, கையால் லேசாக முறுக்கினால் திரும்ப வரும். திரையை மாற்றினாலும் தீராது. காரணம் போர்டில் இருந்த டச் ஐசிகளின் பந்துகள். 2016 நவம்பரில் ஆப்பிள் 149 டாலர் கட்டணத்தில் ஒரு பழுதுத் திட்டம் அறிவித்தது. கடினமான தரையில் பலமுறை விழுந்து, பிறகும் அழுத்தம் பட்ட போன்களில் இப்படி வரலாம் என்பது அவர்கள் விளக்கம். உடம்பு வளைந்து கொடுப்பதுதான் மூலகாரணம் என்றார்கள் வெளியில் போர்டு வேலை செய்தவர்கள். என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொன்னதும் ஒரே விஷயம்தான், பழியை யார் மேல் போடுவது என்பதில்தான் வித்தியாசம். அடுத்த 6எஸ் மாடலில் அந்த ஐசிகளை போர்டிலிருந்து எடுத்துத் திரைப் பக்கமே கொண்டுபோய்விட்டார்கள்.

இப்போது சூடு வைத்த விஷயம். ஹாட் ஏர் கன்னை எடுத்து ஐசி மேல் ஒரு நிமிடம் ஊதுவார்கள். பல சமயம் பந்து உருகுவதே இல்லை. உலோகம் விரிந்து, பிரிந்த முகங்கள் தற்காலிகமாக உரசிக்கொள்ளும், அவ்வளவுதான். உருகினாலும் நடுவில் படிந்த அழுக்கு ஆக்சைடு போகாது. அதனால்தான் நாலு நாள். வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன், பாதிப் பேருக்கு அதற்கு மேல் கருவி இல்லை. ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் பிராசசரின் முதுகிலேயே ராம் ஐசி உட்கார்ந்திருக்கும். ஊதும் சூடு முதலில் அதைத்தான் தாக்கும். ஒவ்வொரு சூடும் அடுத்தவருக்கு வேலையைக் கடினமாக்குகிறது. ஆகவே அடுத்து யாரிடம் கொடுத்தாலும், ஏற்கெனவே ஒரு தடவை சூடு வாங்கியிருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டரிடம் போகிற மாதிரிதான்.

முறையான வேலை ரீபால். ஐசியைக் கழற்றி, அடியில் இருக்கும் பசையைச் சுரண்டி, இரண்டு பக்கமும் சுத்தம் செய்து, ஸ்டென்சில் வைத்துப் புதுப் பந்து போட்டு, திரும்பப் பொருத்துவது. அடி பட்டதில் போர்டின் பேடே, அதாவது பந்து உட்காரும் செம்புப் பொட்டே, பெயர்ந்து வந்திருந்தால் தலைமுடியை விட மெல்லிய எனாமல் கம்பியால் ஜம்பர் அடிக்க வேண்டும். ஒரு ஜம்பர் என்றால் சரி. பிராசசர் அடியில் ஏழெட்டு பேட் போயிருந்தால் நானே கையைத் தூக்கிவிடுவேன்.

ஆனால் உங்கள் செட்டில் கோளாறு பிராசசர்தான் என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை, அதைக் கவனியுங்கள். "போர்டு போயிருச்சு" என்பது நோயின் பெயர் அல்ல. நான் பார்க்கும் வரிசை இது. முதலில் கனெக்டர். பேட்டரி, டிஸ்பிளே எல்லாம் போர்டில் பட்டன் போல அழுத்திப் பொருத்தியவை, விழுந்த அதிர்ச்சியில் லேசாகத் தூக்கிக்கொள்ளும். போன மழைக்காலத்தில் ஒரு காலேஜ் பையன் வந்தான். போன் அடித்தால் மணி கேட்கிறது, திரை கருப்பு. வேறு இடத்தில் காம்போ, அதாவது கண்ணாடியும் டிஸ்பிளேயும் சேர்ந்த முழுத் திரை, மாற்ற விலை சொல்லிவிட்டார்கள், அதைக் கேட்டு முகம் வாடியிருந்தது. பின்மூடியைத் திறந்து, தகட்டு ஸ்க்ரூ இரண்டைக் கழற்றி, கனெக்டரை விரலால் அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், திரையில் அவன் அம்மா படம். டீக்கு மட்டும் காசு வாங்கினேன்.

கனெக்டர் இல்லையென்றால் டிசி பவர் சப்ளை. பேட்டரிக்குப் பதில் அதில் மாட்டினால் போன் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று முள்ளோ எண்ணோ காட்டும். பவர் பட்டனை அழுத்தும் முன்பே இழுத்தால் எங்கோ ஷார்ட். அழுத்தியும் கொஞ்சம் ஏறி அசையாமல் நின்றால் பிராசசர், மெமரி, அல்லது கிரிஸ்டல் பக்கம் சந்தேகம்.

ஷார்ட்டில் பெரும்பாலும் குற்றவாளி ஒரு கெபாசிட்டர், மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் பாகம். பீங்கான் அடுக்குகளால் ஆனது. 0.6 மில்லிமீட்டர் நீளம், 0.3 மில்லிமீட்டர் அகலம், ஒரு கடுகை நாலாக உடைத்தால் வரும் துண்டு போல. போர்டு வளையும்போது பீங்கான் வளையாமல் குறுக்கே வெடித்துவிடும், உள்ளே இருக்கும் உலோக அடுக்குகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். போர்டில் இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கும்போது எது என்று எப்படித் தெரியும்? சால்டரிங் அயர்ன் நுனியில் ரோசின் என்ற பிசினைத் தொட்டு, அந்தப் புகையில் போர்டைக் காட்டுவேன். சாம்பிராணி காட்டுவது போலத்தான் இருக்கும். போர்டு முழுக்க வெள்ளைப் பனி படிந்துவிடும். பிறகு ஷார்ட் ஆன லைனில் ஒரு வோல்ட் மட்டும் கொடுத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மூன்று நொடியில், நூறு வெள்ளைப் புள்ளிக்கு நடுவே ஒன்று மட்டும் ஈரமாகிப் பளபளக்கும். சூடானது அதுதான். அதை எடுத்துவிட்டால், அந்த லைனில் துணைக்கு வேறு கெபாசிட்டர்கள் இருந்தால், அது இல்லாமலே பெரும்பாலும் போன் ஆன் ஆகும். தெர்மல் கேமரா வந்த பிறகும் எனக்கு இந்தப் புகை முறை மேல்தான் பிரியம்.

கிரிஸ்டல் என்பது துடிப்பு கொடுக்கும் குவார்ட்ஸ் சில்லு. கடிகாரத்துக்கான சில்லு நொடிக்கு 32,768 தடவை அதிரும். மெல்லிய கல், விழுந்தால் உடையும், வெளியே பெட்டி முழுசாக இருக்கும். எனக்கு இது முதலில் புரிந்தது போனில் அல்ல. சின்ன வயதில் தெருவில் உள்ள டிவி ரிமோட்டெல்லாம் என்னிடம்தான் வரும். பேட்டரி புதுசு, பட்டன் சுத்தம், ஆனால் வேலை செய்யாது. திறந்தால் 455 என்று எழுதிய சின்ன ரெசனேட்டரின் கால் ஒன்று முறிந்திருக்கும். மாற்றினால் முடிந்தது. இன்றைக்கும் ரிமோட் விழுந்து நின்றால் அதன் நுனியை போன் கேமராவுக்குக் காட்டி பட்டனை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான கேமராக்களில் வெளிர் ஊதா வெளிச்சம் தெரியும். தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் ஒரு தடவை பாருங்கள். அதிலும் தெரியாவிட்டால் கோளாறு ரிமோட்டில்தான்.

இனி படங்கள். "மெமரி ஐசியை மட்டும் கழற்றி மெஷினில் போட்டுப் படிக்கலாமே" என்று சிலர் சொல்வார்கள். பழைய போன்களில் செய்தோம். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் புதுப் போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டுப் போட்டே எழுதப்படுகிறது. அந்தப் பூட்டின் சாவி பிராசசரோடும் அக்காவின் பின் நம்பரோடும் சேர்ந்தது. தனி ஐசியைப் படித்தால் குப்பை எழுத்துதான் வரும். ஆக, அதே பிராசசரும் அதே மெமரியும் சேர்ந்து ஒரு தடவையாவது உயிரோடு ஓட வேண்டும். போர்டைச் சரி செய்ய முடியாவிட்டால் கடைசி வழி, அதே மாடலின் வேறொரு போனிலிருந்து எடுத்த போர்டு (டோனர் போர்டு) ஒன்று வாங்கி, பிராசசர், ராம், மெமரி மூன்றையும் அங்கே மாற்றுவது. எல்லாக் கடையிலும் நடக்காது, செலவும் கூடும். படங்களின் மதிப்பு உங்களுக்குத்தான் தெரியும்.

இதனாலேயே கம்பெனி சர்வீஸ் சென்டரை இதற்கு நான் சிபாரிசு செய்வதில்லை. அவர்கள் வழக்கம் போர்டையே மாற்றித் தருவது. போன் புதுசு போல வரும், படங்கள் பழைய போர்டோடு போய்விடும். கீழே போட்டு உடைத்ததற்கு வாரண்டியும் பொதுவாகக் கிடையாது.

கடையைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் அடையாளம்: மேசையில் மைக்ராஸ்கோப்பும் டிசி சப்ளையும் இருக்கிறதா? திறந்து அளந்து பார்த்த பிறகுதான் விலை சொல்கிறாரா? "எனக்கு டேட்டா மட்டும் போதும், செட் ஓட வேண்டியதில்லை" என்று நீங்கள் சொன்னதும் அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தால் நல்ல ஆள். எப்படி விழுந்தது, எந்த மூலை, எப்போது சூடு வைத்தது, பின் நம்பர் ஞாபகம் இருக்கிறதா. கடைசிக் கேள்வி மிக முக்கியம். ரீஸ்டார்ட் ஆன போன் விரல் ரேகையை ஏற்காது, பின் நம்பர்தான் கேட்கும். பேட்டர்னாக இருந்தால் தாளில் வரைந்து கொடுங்கள். இன்னொன்று, செட்டை விட்டுவிட்டு வராமல் ஆன் ஆகிற நேரத்துக்கு நீங்களோ அக்காவோ பக்கத்தில் இருக்கப் பாருங்கள். ஆன் ஆனதும் ஏரோபிளேன் மோடு, கேபிள், கம்ப்யூட்டர், முதலில் கேமரா படங்கள் இருக்கும் டிசிஐஎம் (DCIM) ஃபோல்டர். வாட்ஸ்அப் படங்கள் அடுத்தது. போன் அரை மணி நேரம் உயிரோடு இருக்கலாம், இரண்டு நாளும் இருக்கலாம். சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு, போன் விழுந்த அன்று என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். அன்று இரவே பேக்கப். ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றினால் இன்னும் அவசரமாக. தண்ணீர் புகாது என்பதற்கு ஐபி68 என்று பெட்டியில் போட்டிருந்தது இனி கணக்கில்லை. போனின் ஓரச் சட்டம் ஒரு நூல் வளைந்தாலும் ஓரத்துப் பசை விட்டிருக்கும், குழாயில் காட்டாதீர்கள். ஓஎல்இடி திரையில் மூலையில் கருப்பாகவோ ஊதாவாகவோ ஒரு பொட்டு தெரிந்தால் அது பரவும், காற்றும் ஈரமும் உள்ளே போகிற வழி அது. மேல்கண்ணாடி மட்டும் உடைந்து படமும் டச்சும் சுத்தமாக இருந்தால் கண்ணாடி மட்டும் மாற்றலாம், முழு காம்போ தேவையில்லை. அதுவரை அகலமான செலோ டேப் ஒட்டிவையுங்கள், விரலில் சில்லு ஏறாது. பின்மூடி உப்பினாலோ, நெயில் பாலிஷ் போல இனிப்பு வாடை வந்தாலோ பேட்டரி அடி வாங்கியிருக்கிறது. அமுக்காமல், சார்ஜ் போடாமல், வீட்டுக்கு வெளியே ஒரு மண்சட்டியில் வைத்துவிட்டு, பேட்டரி கழற்றத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப் விழுந்து 'டிக் டிக்' என்றால் உடனே ஆஃப். அதில் படிக்கும் முனை தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. முனை வளைந்த பிறகு ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கும்.

உங்கள் கடைசிக் கேள்வி, கட்டுப்படியாகுமா என்பது. படம் எடுத்த பிறகு அந்த போர்டுக்கு மேல் ஒரு பைசா போடாதீர்கள், அக்காவுக்கு வேறு போன் வாங்குங்கள். பழைய செட்டைக் குப்பையில் போடவும் வேண்டாம். டெம்பர் மட்டும்தானே உடைந்தது என்றீர்கள். அப்படியென்றால் காம்போ ஒரிஜினலாக, கீறல் இல்லாமல் இருக்கிறது. அதே மாடலில் திரை உடைந்து வரும் யாருக்காகவோ ஒரு கடைக்காரர் அதைத் தேடிக்கொண்டிருப்பார். போர்டை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டு மிச்சத்தை அவருக்கு விலை பேசுங்கள்.